கூரை உண்டு, வீடு இல்லை!

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது அவர்களே சொல்லி வைத்த இன்னொரு வாக்கு. முன்னது மனிதனின் ஆசையைக் கூறுகிறது. பின்னது அந்த ஆசை நிறைவேறும் வழியிலுள்ள அல்லலைக் கூறுகிறது. ஆனால் மலையேறி வந்து பிழைக்கும் நம்மவரில் பல்லாயிரவர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு நிலையில் நிற்கின்றனர். தலைக்கு மேலே கூரை உண்டு, அடுப்பு எரிகிறது, குழந்தை தூங்குகிறது. எனினும் அந்தக் கூரை அவர்களுடையது அன்று. வேலை உள்ள வரையில் கூரை. வேலை போனால் தெரு. இது குறித்து நம் சங்கத்துக் குடும்பங்களோடு மனம் விட்டுப் பேசவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

யான் ரயில்வே குமாஸ்தா; மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். சட்டம் படித்தவனல்லன். ஆயினும் வேலையோடு வந்து வேலையோடு போகும் கூரை எத்தகையது என்பதை நான் ஏட்டில் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஒலவக்கோட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தேன். என் தந்தையார் கேங் வேலையில் இருந்து தண்டவாளம் காத்தவர். அவர் ஓய்வு பெற்றதும் 4 மாதத்திற்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொல்லையில் அம்மா வைத்து வளர்த்த முருங்கை அவ்வாண்டுதான் முதன்முதலாகப் பூத்திருந்தது. வண்டியில் சாமான்களை ஏற்றிய பிறகு அம்மா திரும்பிச் சென்று அம்மரத்திற்கு ஒரு குடம் நீர் ஊற்றிவிட்டு வந்தாள். "இனி யாருக்கோ காய்க்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். எங்களுக்காவது வாடகை வீடு பிடிக்க ஓய்வூதியம் இருந்தது. அதுவும் இல்லாதவர் என்ன செய்வர்?

இக்கேள்வியோடு ஒரு நாள் என் வீட்டு வாயிலில் வந்து நின்றவள் என் அத்தை. தந்தையாரின் தங்கை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூணாறு மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்கள். நகக்கண்ணில் ஏறிய கறை இன்னும் போகவில்லை. கையில் ஒரு துணிப்பை. அதில் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, எஸ்டேட் சீட்டு.

"மருமகனே, நீ எழுத்துத் தெரிந்தவன். எனக்கு ஒரு மனு எழுதித் தா" என்றாள்.

அவள் சொன்ன கதை இதுதான். ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. லயத்து அறையை ஒப்படைத்தால்தான் சர்வீஸ் பணம் கிடைக்கும் என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். அறையை ஒப்படைத்துவிட்டு எங்கே போவது? கணவர் காலமாகிவிட்டார். பிறந்த ஊரில் பங்கு என்று சொல்ல ஒரு சாண் நிலமும் இல்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறி, நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பத் தாளும் வாங்கி வைத்திருந்தாள். தாயின் பெயர் நீங்கும் முன்னர் அந்த வீட்டில் ஒருவர் பெயர் செக்ரோலில் ஏறினால்தான் அறை நிலைக்கும். எனவே அந்தப் பெண் விண்ணப்பத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தாயின் கூடையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள்.

நேயர்களே, இதைச் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். உலகத்தார் வேலைக்காக வீடு தேடுகின்றனர். நம் பெண் வீட்டுக்காக வேலை தேடினாள்! ஒரே அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு திண்ணை. இவற்றுக்கு அவள் கொடுத்த வாடகை, அவளுடைய படிப்பு. லயம் என்பது வீடு இல்லாக் குறை மட்டுமன்று. ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறையோடு சேர்த்துக் கட்டும் கயிறும் ஆகும்.

இனி, இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1951-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அதன் 15-ஆவது பிரிவு, தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வேண்டிய குடியிருப்பைக் கொடுத்துப் பேணுவது முதலாளியின் கடமை என்று விதித்தது. அந்நாளில் இது பெரிய வெற்றியே. அதற்கு முன்னர் லயம் என்பது துரையின் தயவு. அதன் பின்னர் சட்டத்தின் கடமை. ஆயின் 'தொழிலாளிக்கு' என்ற அந்த ஒரு சொல்லில்தான் முள் இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளில் அவள் தொழிலாளி அல்லள். எனவே குடியிருப்பும் அவளுக்கு உரியதன்று.

1981-ஆம் ஆண்டில் அச்சட்டத்திற்கு ஒரு திருத்தம் வந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ உயிரிழந்தாலும் காயமுற்றாலும் முதலாளியே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றது அத்திருத்தம். நல்லது. ஆனால் அதிலும் ஒரு விலக்கு: இயற்கைச் சீற்றத்தால் இடிந்திருந்தால் அப்பொறுப்பு இல்லை.

இவ்விலக்கைப் படித்தபோது என் மனம் 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவுக்குச் சென்றது. மூணாறுக்கு அப்பால், இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த லய வரிசைகளை மூடியது. தொலைபேசித் தொடர்பு அற்றுப் போயிருந்தமையால் செய்தி மறுநாட் காலையில்தான் வெளியுலகை எட்டிற்று. 70 உயிர்கள் மாண்டன. அவற்றுள் நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டோரிற் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர். ஒரே ஊரார், ஒரே உறவினர், ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருந்தவர்கள். அதனால் ஒரே இரவில் முழுக் குடும்பங்களே அற்றுப் போயின. உயிர் தப்பியோரில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசாங்கம் நிலம் ஒதுக்க, தோட்டக் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. 2021-இல் அக்குடும்பங்கள் அங்குக் குடிபுகுந்தன. உயிரோடிருந்தபோது கேட்டுக் கிடைக்காத தனி வீடு, எழுபது பேர் மாண்ட பிறகு எட்டு வீடாகக் கிடைத்தது.

மழை அம்மலைக்குப் புதியதா? அன்று. என் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் மூணாறில் ரயில் ஓடியது! குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று அதற்குப் பெயர். தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்ற அந்த இருப்புப் பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. பிறகு அது எழவேயில்லை. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று அதனைச் சொல்வார்கள். கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1099. இரும்பையே பெயர்த்த மழை, மண்ணில் நிறுத்திய லயத்தை என்ன செய்யும் என்பதை நூறாண்டுகளாக அறிந்திருக்கிறோம். அறிந்த ஆபத்தை இயற்கையின் தலையில் மட்டும் சுமத்தலாமா? சரிவான இடத்தில் குடியிருப்பை வைத்தது மனிதன் அல்லவா?

நிற்க. கேரள நாட்டில் ஏழைகளுக்கு வீட்டு மனை கொடுக்கும் சட்டமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, இந்தியாவுக்கே வழிகாட்டியாக வந்தது. 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் பதவியேற்ற முதல் மந்திரிசபை, ஆறே நாட்களில், ஏப்ரல் 11-ஆம் நாள், குடியானவரையும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றுவதைத் தடுத்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவரே குடிகிடப்புக்காரர். 1963-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டமும், 1969-இல் அதற்குச் செய்த திருத்தமும் சேர்ந்து, 1970 ஜனவரி முதல் நாள் தொட்டு, அவர்களுக்குக் குடிசையும் அதைச் சூழ்ந்த நிலமும் உரிமையாகும் வழி செய்தன. பஞ்சாயத்துகளில் 10 சென்ட், முனிசிபாலிட்டிகளில் 5 சென்ட், பெருநகர்களில் 3 சென்ட். இதுவும் தானாக வந்ததன்று. ஊர்வலம் போனார்கள், மாநாடு கூடினார்கள், தங்கள் பத்து சென்ட்டைத் தாங்களே வேலி கட்டி வளைத்தார்கள். இன்று சித்தூர் வட்டாரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கங்களில், தமிழ்க் கூலிக் குடும்பங்கள் சிலவேனும் "இது எங்கள் மண்" என்று நின்று பேசுகின்றன என்றால், அதற்கு அச்சட்டமே காரணம்.

பின்னர் 1972-இல் அச்சுத மேனன் மந்திரிசபையில் வீட்டு வசதி மந்திரியாயிருந்த எம்.என். கோவிந்தன் நாயர் 'லட்சம் வீடு' திட்டத்தைத் தொடங்கினார். பஞ்சாயத்துக்கு 100 வீடு என்பது கணக்கு. ஒரு நடுச்சுவர், இருபுறமும் இரு குடும்பங்கள். இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. நடுச்சுவரால் எழுந்த சண்டைகளும் உண்டு. ஆயினும், ஏழைக்கு வீடு கொடுப்பது தருமமன்று, அரசாங்கத்தின் வேலை என்ற எண்ணம் அந்நாளில்தான் இந்த மாநிலத்தில் வேரூன்றியது.

அப்படியாயின் மலைமேல் இருந்த நமக்கு ஏன் அது எட்டவில்லை? காரணம் ஒன்றே. நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களை உச்சவரம்பிலிருந்து விலக்கி வைத்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் ஆகியவை துண்டு துண்டாக்கினால் அழிந்துபோகும் பயிர்கள். அந்நியச் செலாவணி தருபவை. பல்லாயிரவருக்கு வேலை கொடுப்பவை. இந்நியாயத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். சமவெளியில் பிறர் நிலத்தில் குடிசை போட்டவருக்கு அந்த மண் சொந்தமாயிற்று. மலையிலே, காடு திருத்திய காலந்தொட்டு நாலு தலைமுறையாக ஒரே அறையில் பிறந்து ஒரே அறையில் இறந்தவருக்கு ஒரு சென்ட்டும் ஆகவில்லை. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் வந்து, பயிரிடாத பெரும் பரப்பு அரசாங்கத்துக்குத் திரும்பியது. அப்போதும் லயத்துத் தமிழனின் கையில் பட்டா ஏறவில்லை.

இன்னொரு செய்தி. அதே நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் பின்னாளில் ஒரு திருத்தம் செய்து, தோட்ட நிலத்தில் நூற்றுக்கு 5 பங்கு வரையில் வேறு பயன்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வழி திறந்தார்கள். மற்றப் பயிர், பால் பண்ணை, சுற்றுலா விடுதி ஆகியன அப்பயன்கள். விருந்தாளி இரண்டு இரவு தங்குவதற்குத் தோட்ட நிலத்தைத் திறக்கச் சட்டத்தால் இயலும் என்றால், முப்பது ஆண்டு உழைத்தவள் கடைசி நாள் வரை தங்குவதற்குத் திறக்க ஏன் இயலாது? சட்டசபையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

கேட்டால் கிடைக்குமா என்று சிலர் ஐயுறலாம். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பதற்கு அண்மைக் கால வரலாற்றிலேயே சான்று உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். சங்கங்களின் தலைவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். 20 சதவீத போனஸ் கிடைத்தது. அன்று 232 ரூபாயாயிருந்த நாட்கூலி பின்னர் 301 ரூபாயாயிற்று. அவர்கள் பேசியது கூலியை மட்டுமன்று. ஒழுகும் லயத்தையும், கதவில்லாக் கக்கூசையும் சேர்த்தே பேசினார்கள்.

2018-இல் மாநில மந்திரிசபை, தோட்ட வரியை நீக்கியபோதே, வீடற்ற தோட்டத் தொழிலாளரை 'லைஃப்' வீட்டுத் திட்டத்தில் சேர்க்கவும் முடிவு செய்தது. 2021–22 வரவு செலவுத் திட்டத்தில் லயங்களைப் பழுது பார்க்க 10 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் ஒதுங்கிய பணம் கூரைமேல் ஓடாக ஏறுவதற்குள் எத்தனை மழைக்காலம் போகிறது என்பது வேறு கதை. 2022-இல் ஏலப்பாறைப் பக்கம் லயத்துச் சுவர் இடிந்து ஒரு பெண் தொழிலாளி மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. பணம் ஒதுக்கச் செய்வது பாதி வேலை. செலவழிக்கச் செய்வது மறு பாதி.

இடுக்கி மலையில் பட்டா பெற்ற குடியேற்றக்காரரின் கதையையும் பாருங்கள். தங்கள் பட்டா நிலத்தில் கடை கட்டவும் கட்டடம் எழுப்பவும் விதிகள் தடையாயிருந்தன. அவர்கள் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்தார்கள், கடையடைத்தார்கள், எல்லாக் கட்சியினரையும் வாயிலுக்கு வரவழைத்தார்கள். 2023 செப்டம்பரில் கேரள சட்டசபை நில ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்பமிட்டார். பட்டா உள்ளவரின் குரல் சட்டமாயிற்று. பட்டா இல்லாதவரின் குரல் இன்னும் பஜனை மடத்துத் திண்ணையிலேயே நிற்கிறது.

2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. அதன் பின் கல்பற்றாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து நிலத்தையே அரசாங்கம் எடுத்தது. வழக்கு வந்தது, உயர் நீதி மன்றம் அதைத் தடுக்கவில்லை. 2025 மார்ச் 27-ஆம் நாள் அங்குப் புதுக் குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். குடும்பத்துக்கு 7 சென்ட் மனை. தோட்ட நிலத்தில் தொழிலாளிக்கு வீடு கூடாது என்ற பேச்சு அன்றே பொய்த்தது. வேண்டியது துயரம் நேர்ந்த பிறகு வரும் மனம் அன்று. அதற்கு முன்னரே வரும் மனம்.

கடல் கடந்தும் பார்ப்போம். இலங்கை மலையகத்தில் நம்மவர் வாழும் லயம் நம் லயத்தின் உடன்பிறப்பு. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயத்தை விழுங்கியது. அங்குள்ள தமிழ்ப் பிரதிநிதிகள் நெடுங்காலம் வற்புறுத்தி வந்த கோரிக்கை, லயத்தைப் பழுது பார்ப்பதன்று. நிலத்தோடு தனி வீடு. அதன் பயனாக, குடும்பத்துக்கு 7 பேர்ச், நம் கணக்கில் 4 சென்ட்டுக்குச் சற்று அதிகமான நிலத்தில், தனி வீடு என்னும் கொள்கை பிறந்தது. இந்திய அரசாங்கம் முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017-இல் மேலும் 10,000 வீடுகளுக்கு உறுதி கூறியது. எல்லாம் நிறைவேறிவிடவில்லை, ஆயினும் கோரிக்கையின் வடிவம் தெளிவாயிற்று. அவ்வடிவத்தை நாமும் கற்க வேண்டும்.

இனி, கேட்பது எப்படி? இங்கே என் தோல்வியையே முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு நான் எழுதிய முதல் மனு நாலு பக்கம். "கருணைக் கடலே" என்று தொடங்கினேன். "ஏழை அழுத கண்ணீர்" என்று முடித்தேன். எழுதி முடித்தபோது எனக்கே என் எழுத்தின்மேல் பெருமை உண்டாயிற்று. பல வாரங்கள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: விவரங்கள் போதா. உண்மைதான்! நாலு பக்கத்தில் ரேஷன் அட்டை எண் இல்லை. பஞ்சாயத்து, வார்டு இல்லை. எத்தனை ஆண்டு வேலை என்பது இல்லை. என்ன வேண்டும் என்பதுகூட ஒரு வரியில் இல்லை. கண்ணீர் இருந்தது, கணக்கு இல்லை. ரயில்வேயில் ஒரு பார்சல் சீட்டில் எடை எழுத மறந்தால் நான் ஏற்றுக்கொள்வேனா?

இரண்டாம் மனு ஒரே பக்கம். அதிலிருந்து கற்றவற்றை நம் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, மொழி. "மலையாளத்தில் எழுதத் தெரியாதே" என்று தயங்க வேண்டா. இந்திய அரசியலமைப்பின் 350-ஆவது ஷரத்து, தன் குறை தீர்க்குமாறு எந்த அதிகாரிக்கும், நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுச் செய்யும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையோருக்குத் தனியே இடம் வைத்திருக்கிறது. 2021-இல் தேவிகுளத்தின் உறுப்பினர் சட்டசபையில் தமிழிலேயே பதவிப் பிரமாணம் செய்தார். அங்கே ஒலிக்கலாகும் மொழி, தாலுகா ஆபீசில் ஒலிக்கலாகாதா? ஆயினும் கூடவே ஒரு மலையாளப் படியை இணைத்தால் காரியம் விரையும். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, அட்டை. வீட்டுத் திட்டங்களில் குடும்பம் என்றால் ரேஷன் அட்டை என்றே கணக்கு. ஒரே லயத்தில் மூன்று அடுப்பு எரிந்தாலும் அட்டை ஒன்றாயிருந்தால் வீடும் ஒன்றே. திருமணமாகித் தனியே சமைக்கும் பிள்ளைகள் காலத்தில் அட்டையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ஊரிலும் ஓர் அட்டை, இங்கும் ஓர் அட்டை" என்று வைத்திருப்போர் இரண்டையும் இழப்பர். எந்த மண்ணில் வாழ்வது என்று முடிவு செய்து ஒன்றை வைத்துக்கொள்ளுதல் நலம். பட்டியல் கிராம சபைக்கு வரும் நாளில் கூலி ஒரு நாள் போனாலும் போய் உட்காருங்கள். நாம் இல்லாத சபையில் நம் பெயர் தானே எழுந்து நில்லாது.

மூன்றாவது, சர்வீஸ் பணம். சட்டப்படி, கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். அறை வேறு, பணம் வேறு என்பதைத் தொழில் துறை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, சட்டசபை. நம்மவர் எம்.எல்.ஏ.யைக் கண்டால் மாலை போடுவார்கள், பாலம் கேட்பார்கள், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்பார்கள். அவர் கையில் இருக்கும் மெய்யான ஆயுதத்தைக் கேட்பதில்லை. அவர் சட்டசபையில் கேள்வி கேட்கலாம்: "லயப் பழுதுக்கு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவாயிற்று? எந்தத் தோட்டத்தில்?" மந்திரி பதில் சொல்லியே தீர வேண்டும்; அப்பதில் அச்சேறும். அவர் கவன ஈர்ப்புக் கொண்டுவரலாம். தனி உறுப்பினர் மசோதாவும் கொண்டுவரலாம். சபையில் மனுக்களை ஆராய ஒரு குழு உண்டு. பலர் கையொப்பமிட்ட மனு அங்கே போகலாம். மசோதாக்களை ஆராயும் துறைக் குழுக்களை 1980-லேயே அமைத்த சபை அது. இவ்வழிகள் யாவும் நமக்கும் திறந்தே இருக்கின்றன.

இப்போது இதற்குத் தனி அவசரமும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றினுள் அடங்கி, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. குடிநீர், சமையற்கட்டு, கழிப்பிடம் உட்பட்ட குடியிருப்பு பற்றிய வாசகம் அதிலும் இருக்கிறது. ஆனால் அறை எவ்வளவு, சுவர் எத்தகையது, சரிவில் கட்டலாமா, ஓய்வு பெற்றவருக்கு எவ்வளவு அவகாசம் என்பவை யாவும் விதிகளைச் சார்ந்தவை. சட்டம் எலும்பு, விதியே சதை. மாநிலங்கள் வகுக்கும் விதிகள் சட்டசபையின் மேசைக்கு வந்தாக வேண்டும். அதற்கு முன்னரே நம் கோரிக்கை அங்குச் சென்று காத்திருக்க வேண்டும்.

கோரிக்கைகளும் நீண்டிருத்தல் வேண்டா, மூன்று போதும். தோட்ட நிலத்தில் ஒரு சிறு பங்கை ஓய்வு பெற்ற தொழிலாளரின் மனைக்கெனச் சட்டத்தால் ஒதுக்குக. மனை கிடைக்கும் வரையில் ஓய்வு பெற்றவரை லயத்திலிருந்து வெளியேற்றாதிருக்க. சரிவில் நிற்கும் லயங்களைக் கணக்கெடுத்து, அடுத்த மழைக்கு முன்னர் ஆட்களை இடம் மாற்றுக.

"தேயிலை விலை இல்லை; தோட்டமே நஷ்டத்தில் ஓடுகிறது; மனைக்கு எங்கே போவது?" என்று தோட்டக்காரர் சொல்லக்கூடும். சில தோட்டங்களைப் பொறுத்தவரை அது மெய்யே. பீருமேட்டுப் பக்கம் மூடிக் கிடந்த தோட்டங்களில் நம்மவர் பட்ட பசி நமக்குத் தெரியும். ஆகவேதான் முழுச் சுமையையும் முதலாளியின் தலையில் வை என்று நான் சொல்லவில்லை. நிலம் தோட்டத்துடையது, பணம் அரசாங்கத்துடையது, உழைப்பு நம்முடையது என்று பங்கிட்டுக்கொள்ளலாம். மூடிய தோட்டத்தில் வேலை போகும்; அங்கே மனையாவது இருந்திருந்தால் குடும்பம் சிதறியிராது.

நம்மவரிலேயே சிலர், "நாம் வந்த சனம்தானே, இருக்கும் வரை இருந்துவிட்டு ஊர் போவோம்" என்கின்றனர். எந்த ஊர்? நம் பாட்டன் புறப்பட்ட ஊரில் நம்மை அடையாளம் காண்பார் யார்? கேரள சட்டசபையில் 1957-இல் முதன்முதலாகப் பிரமாணம் எடுத்து, தற்காலிக சபாநாயகராக அமர்ந்த ரோசம்மா புன்னூஸ் தேவிகுளத்தின் பிரதிநிதி. அத்தொகுதியின் வாக்குச் சீட்டுகளில் நம் பாட்டிமாரின் சீட்டும் இருந்தது. மாநிலத்தின் முதல் நாளிலேயே வாக்களித்தவர் விருந்தாளி ஆகார். வீட்டுக்காரராக எண்ணிக்கொள்ளாதவனுக்கு யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள்.

அத்தையின் இரண்டாம் மனு பஞ்சாயத்தில் பதிவாகி, எண்ணும் பெற்றுவிட்டது. வீடு இன்னும் வரவில்லை. சென்ற மாதம் நான் மலைக்குப் போயிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. லயத்து அறையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருந்தாள். மகள் வேலை விட்டு வந்து, நனைந்த கூடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அடுப்பின் பக்கத்தில் கையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிப்பு விண்ணப்பத் தாள் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு அத்தான். கெடு முடிஞ்ச தாள். ஆனா எறியலை" என்றாள்.

அத்தை மனுவின் ரசீதை உறையிலிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். "இந்த எண்ணைச் சொன்னா அவங்களுக்குத் தெரியுமா மருமகனே?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப நான் மட்டும் சொன்னாப் பத்தாது. இந்த வரிசையிலே இன்னும் பதினோரு வீடு இருக்கு. அவங்களுக்கும் எழுதித் தா" என்றாள்.

அன்றிரவு அவ்வறையின் விளக்கொளியில் நான்கு மனுக்கள் எழுதினேன். கண் செருகும் வரை எழுதினேன். மிகுதி ஏழு இருக்கின்றன. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் நாலு எழுத்துப் படித்த ஒரு பிள்ளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் அப்பிள்ளையைப் பக்கத்து லயத்துக்கு அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: பெயர், அட்டை எண், வேலை செய்த ஆண்டுகள், வேண்டுவது ஒரு வரி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆயிரம் மனு ஒரே வரியைக் கேட்டால் சட்டசபையும் அசையாமற் போகாது.